டவர் இல்லாத விமான நிலையம்

மில்டுரா,
விக்டோரியா, ஆஸ்திரேலியா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? ஜூன் மாதத்தில் இங்கே குளிர் நடுக்குகிறது என்றால் சித்தி இன்னும் நம்ப மாட்டேன் என்கிறார். ஊரைச் சுற்றி எங்கும் திராட்சைத் தோட்டம்தான். இப்போது இலை உதிர்ந்து வெறும் கொடியும் கம்பியுமாக நிற்கிறது.

நான் வேலை பார்க்கும் விமான நிலையத்தைப் பற்றிப் போனில் கேட்டீர்களே, "விமானங்களுக்கு ரேடியோவில் அனுமதி தரும் டவரே கிடையாது என்கிறாய், அப்புறம் யார்தான் விமானத்தை இறங்கச் சொல்வது?" என்று. ஆயுசு முழுக்க, தடம் காலி என்பதற்கு அத்தாட்சியான டோக்கன் கையில் வராமல் ஒரு வண்டியையும் விடாத ஸ்டேஷன் மாஸ்டருக்கு அந்தச் சந்தேகம் வராவிட்டால்தான் ஆச்சரியம். நேரம் எடுத்து எழுதுகிறேன்.

யாரும் சொல்வதில்லை. விமானிகள் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே ரேடியோ அலைவரிசை. வருகிறவர் தூரத்திலிருந்தே தான் யார், எங்கே, எவ்வளவு உயரத்தில், எத்தனை மணிக்கு, எந்த ஓடுபாதைக்கு என்று சொல்வார். அருகில் இருப்பவர் பதில் தருவார். மெல்போர்ன் போகிற பயணிகள் விமானத்துக்கும், பறக்கப் பழகுகிற பையனுக்கும் ஒரே விதி. காலையில் ஓடுபாதையைச் சோதிக்க வண்டியை எடுக்கும்போது நானும் அதே அலைவரிசையில் அறிவித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். நம் ஊர் வேகத்தில் பேசினால் ஒருவருக்கும் புரியாது. நிறுத்தி நிறுத்திச் சொல்வேன்.

ஒவ்வொரு அறிவிப்பும் 'மில்டுரா' என்று தொடங்கி 'மில்டுரா' என்றே முடிய வேண்டும். முதலில் எனக்கு வீண் சடங்காகத் தெரிந்தது. காரணம் இருக்கிறது. மர்ரே ஆற்றுக்கு அந்தப் பக்கம், டார்லிங் ஆறு வந்து கலக்கிற இடத்தில் வென்ட்வொர்த் என்று ஒரு சிற்றூர். அங்கேயும் சின்ன விமானத் தளம் உண்டு, அலைவரிசையும் எங்களுடையதுதான்.

2023 ஜூனில் இதே ஊரில் நடந்ததைக் கேளுங்கள். ஓடுபாதைக்குப் பெயர் எண்தான். திசைகாட்டி காட்டும் பாகையில் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டால் அந்த எண். நேர் வடக்கு 360 பாகை, அதனால் 36. சிறிய விமானம் ஒன்றில் 36-இல் கிளம்பத் தயாரான விமானி, ரேடியோவில் 35 என்று சொல்லிவிட்டார். மில்டுராவில் 35 கிடையாது, வென்ட்வொர்த்தில் உண்டு. அதே நேரம் கிழக்கு நோக்கிய 09-இல் கிளம்ப நின்ற டாஷ் 8 என்ற பயணிகள் விமானத்தின் விமானிகள், பேசுகிறவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார் என்றே எடுத்துக்கொண்டார்கள். குறுக்கே வெட்டும் இரண்டு பாதைகள். இடையில் மரமும் கட்டடமும் மறைப்பதால் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியவில்லை. இரண்டும் ஓடத் தொடங்கின. சுமார் 600 மீட்டர் இடைவெளியில் தப்பின. ஒரே ஒரு எண்ணைத் தவறாகச் சொன்னதற்கு இவ்வளவு! அதைப் படித்த பிறகு நான் ஊர்ப் பெயரை விழுங்குவதே இல்லை.

"வழி காட்ட கருவி எதுவும் இல்லையா?" என்பீர்கள். முன்பு நாடு முழுக்கத் தரையில் ரேடியோ கலங்கரைகள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் அடையாள எழுத்துகளை மோர்ஸ் தந்திக் குறியில் திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருக்கும். நீங்கள் கேட்டிருந்தால் அரை நொடியில் பிடித்திருப்பீர்கள். செயற்கைக்கோள் வந்ததும் 2016-இல் அவற்றில் பலவற்றை அணைத்துவிட்டார்கள். ஜிபிஎஸ் பழுதானால் கைகொடுக்க மீதியை விட்டுவைத்திருக்கிறார்கள். அந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. பழையதை முழுக்க உடைத்துவிட்டுப் புதியதை மட்டும் நம்புவது ரயிலிலும் நல்லதில்லையே.

பெரிய நகரங்களில் இருப்பது போல் மூடுபனியிலும் விமானத்தை ஓடுபாதைக்கு மிக அருகே வரைக்கும் இறக்கிவரும் ரேடியோக் கற்றை மட்டும் இங்கே இருந்ததில்லை. 2013 ஜூனில் அடிலெய்டில் மூடுபனி என்று இரண்டு போயிங் 737 விமானங்களை இந்தப் பக்கம் திருப்பினார்கள். வந்து பார்த்தால் இங்கேயும் மூடுபனி. வேறு ஊருக்குப் போக எரிபொருள் போதாது. எப்படியோ இரண்டும் பத்திரமாக இறங்கின.

இரவில் நிலையத்தில் ஆளே இருக்காது. அப்போதும் இறங்கலாம். விமானி ரேடியோப் பொத்தானை முறைப்படி மூன்று தடவை அழுத்தினால் ஓடுபாதை விளக்குகள் தானாக எரியும். அரை மணி நேரமாவது எரிந்துகொண்டிருக்கும். அணையப் பத்து நிமிடம் இருக்கையில் காற்றின் திசையைக் காட்டும் காற்றுப்பையின் விளக்கு மின்னி எச்சரிக்கும். கொஞ்ச நேரமாக யாரும் பேசாத அலைவரிசையில் விமானி பேசினால், ஒரு தானியங்கிப் பெட்டி ஊர்ப் பெயரைப் பதிலாகச் சொல்லும். சரியான அலைவரிசையில்தான் இருக்கிறோம் என்று அவருக்கு அதிலேயே உறுதியாகிவிடும். கொஞ்சம் முன்புதான் யாராவது பேசியிருந்தால் 'பீப்' என்று ஓர் ஒலி மட்டும்.

இதில் எங்கே ஓட்டை என்று நீங்கள் ஒரு பட்டியலே போடுவீர்கள். எழுதி அனுப்புங்கள், இங்குள்ள பெரியவர் ஒருவரிடம் காட்டுகிறேன். பாஸ்போர்ட் புதுப்பிக்கும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். அக்டோபரில் வந்தால் குளிரும் விட்டிருக்கும், கொடியும் தளிர்த்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் மகன்
முருகன்