வாத்தியார் வாய் திறக்காத வகுப்பு

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அந்த எண்ணெயை ஒழுங்காகத் தேய்க்கிறாயா, இல்லை பாட்டில் அலமாரியில்தான் இருக்கிறதா?

மூத்தவள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாள் என்று கேட்டிருந்தாய். தாமஸ் அக்குவைனஸ் கல்லூரி. லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடமேற்கே, சாண்டா பவுலா என்ற ஊரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. வழியெல்லாம் எலுமிச்சை, அவகாடோ தோப்புகள். 1971-ல் தொடங்கிய கத்தோலிக்கக் கல்லூரி. அந்த வளாகத்தில் மாணவர்கள் சுமார் 400 பேர்தான். நம் விடுதி மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோற்றுக்கு அதைவிடக் கூட்டம் நிற்கும்.

என்ன மேஜர் என்று கேட்காதே. மேஜரே கிடையாது. எல்லாருக்கும் நான்கு வருடமும் ஒரே பாடம். பாடப்புத்தகமும் கிடையாது. வடிவியலா, யூக்ளிட் எழுதியதையே படி. வானியலா, தாலமியைப் படி. அப்புறம் நியூட்டன். நடுவில் லத்தீன் வேறு. பட்டியல் முழுக்க மேற்கத்திய மரபுதான், அதனால் பெட்டியில் ஒரு திருக்குறளை நானே வைத்து அனுப்பினேன். "இதையெல்லாம் படிச்சா யாரும்மா வேலை கொடுப்பான்?" என்று கேட்டதற்கு, "உங்க காலேஜ் புத்தகத்துல ஒரு பக்கமாவது இப்ப ஞாபகம் இருக்காப்பா?" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் பார்க்கப் போயிருந்தோம். ஒரு வகுப்பில் ஓரமாக உட்காரவும் விட்டார்கள். செபத்தோடு தொடங்கியது. ஒரு பெரிய மேசை, சுற்றிலும் பதினைந்து பதினாறு பிள்ளைகள். வாத்தியாருக்கு அங்கே டியூட்டர் என்று பெயர், பேராசிரியர் என்று சொல்வதில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் மிஸ்டர், மிஸ் போட்டுத்தான் கூப்பிட வேண்டும். அரைமணி முன்னால் புல்தரையில் பந்து விரட்டிக்கொண்டிருந்த பையன் என் மகளை 'மிஸ்' என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவள் என்னை முறைத்தாள்.

அன்றைக்குப் பிதாகரஸ் தேற்றம். ஒரு பையன் கையில் தாள் எதுவும் இல்லாமல் கரும்பலகைக்குப் போனான். முக்கோணம் போட்டு, மூன்று பக்கத்திலும் சதுரம் போட்டு, செங்கோண முனையிலிருந்து ஒரு கோட்டைக் கீழே இழுத்தான். அதோடு நின்றுவிட்டது. நம் கணக்கு வாத்தியாராக இருந்தால் சாக்பீஸ் பறந்திருக்கும். டியூட்டர் பேசவில்லை. யாருமே பேசவில்லை. எனக்கே வியர்த்தது. கடைசியில் ஒரு பெண் மெதுவாக, "நீங்க இழுத்த கோடு எதுக்கு இணைன்னு இன்னும் சொல்லலையே" என்றாள். அவன் திரும்பிப் படத்தைப் பார்த்தான். காது சிவந்தது. அப்புறம் கடகடவென்று முடித்துவிட்டான்.

எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. வருடம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து எழுதிய வெப்ப இயக்கவியல் ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. பரீட்சைக்கு முந்தின ராத்திரி மொட்டைமாடியில், நனைந்துபோன பீடியை நாலு தடவை பற்றவைத்துக்கொண்டே நீ சொன்னாயே, அன்றைக்குத்தான் புரிந்தது. நடுவில் நான் மறித்து மறித்துக் கேட்டதில் உனக்கே இரண்டு இடம் புரியாமல் போனதும் ஞாபகம் இருக்கிறது. இவர்கள் அந்த மொட்டைமாடியையே வகுப்பறை ஆக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். பீடி மட்டும் இல்லை.

இன்னொரு கூத்து, டான் ராக் என்கிற மதிப்பீடு. மாணவியை எதிரே உட்காரவைத்துவிட்டு, டியூட்டர்கள் அவள் அங்கே இல்லாத மாதிரி அவளைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். 'நன்றாகப் படிக்கிறார், பேசத்தான் தயங்குகிறார்' என்கிற ரீதியில். "பொண்ணு பார்க்க வந்தவங்க நடுவுல உட்கார்ந்த மாதிரி இருந்துச்சுப்பா" என்றாள். யார் பொண்ணு பார்த்ததை இவள் பார்த்தாளோ!

மற்றபடி உனக்குப் பிடித்த ஒழுங்கெல்லாம் உண்டு. பெண்கள் விடுதிக்குள் பையன்கள் நுழைய முடியாது, ராத்திரி நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். பூசை தினமும் உண்டு, கட்டாயம் இல்லை. வீட்டுக்காரிக்குப் பயமெல்லாம் காட்டுத்தீயை நினைத்துத்தான். 2017 டிசம்பரில் அந்தப் பக்கம் பிடித்த பெருந்தீக்குத் தாமஸ் தீ என்றே பெயர். கல்லூரிக்குப் பக்கத்தில் தொடங்கியதால் வந்த பெயர். பிள்ளைகளை வெளியேற்றினார்கள், கட்டடங்கள் தப்பின. காற்று பலமாக அடித்தால் வீட்டுக்காரி உடனே போனை எடுத்துவிடுகிறாள்.

கிளம்பும்போது மகள் எனக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாள். இருசமபக்க முக்கோணத்தில் அடிக்கோணங்கள் சமம் என்று நிரூபிக்க வேண்டும். எட்டாம் வகுப்பிலிருந்து தெரிந்த சங்கதிதானே என்று வாங்கிக்கொண்டேன். மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசையில் தாள் தாளாகக் கிழிக்கிறேன், வரமாட்டேன் என்கிறது. உனக்குத் தெரிந்தால் முழுசாக எழுதிவிடாதே. முதல் கோட்டை எங்கே இழுக்க வேண்டும் என்று மட்டும் எழுது.

உன்
பழைய அறைத்தோழன்