கேபினெட் வாங்கும் முன் அளவுகோலை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே கணினி அசெம்பிள் செய்வது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பிராசசர், ரேம், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றை விரிவாக விளக்கிய கட்டுரையாளர், டிவிக்குக் கீழே வைக்கும் ஹோம் தியேட்டர் கணினிக்கு வரும்போது, அதே பாகங்களைப் படுக்கைவாட்டக் கேபினெட்டில் (கணினியின் வெளிப்பெட்டியில்) பொருத்திக்கொள்ளலாம் என்று இரண்டே வரிகளில் முடித்துவிட்டார். அந்த எண்ணத்தோடு கடைக்குப் போய்க் கைக்காசை இழந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஆம்ப்ளிபயர் போலத் தோற்றமளிக்கும், 17 செ.மீ. உயரமுள்ள மீடியா சென்டர் கேபினெட் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். பிராசசரின் சூட்டைத் தணிக்கக் கடைக்காரர் பரிந்துரைத்த கூலரோ நிமிர்ந்து நிற்கும் வகை, உயரம் 15.5 செ.மீ. தாராளமாக அடங்கும் என்றுதான் நானும் கணக்குப் போட்டேன். ஆனால் கேபினெட்டின் கால்கள், அடித்தகடு, மதர்போர்டைத் தாங்கும் பித்தளைத் திருகுகள், போர்டின் கனம், பிராசசரும் அதன் சாக்கெட்டும் எடுத்துக்கொள்ளும் உயரம் எல்லாம் போக 14 செ.மீ. கூடத் தேறவில்லை. பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் தடவி, நான்கு திருகுகளையும் முடுக்கிவிட்டு மூடியை வைத்தபோது அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள்.

உண்மையில் அவ்வளவு பெரிய கூலரே எனக்குத் தேவைப்படவில்லை. சுருக்கிப் பதிவான 4கே படத்தை விரித்துக் காட்டும் வேலையை இன்றைய பிராசசர்களில் அதற்கென்றே உள்ள தனிச் சுற்று கவனித்துக்கொள்கிறது. 6 வாட் அளவிலான இன்டெல் என்100 பிராசசர் கூட எச்இவிசி, ஏவி1 என்ற முறைகளில் சுருக்கிய வீடியோ கோப்புகளைத் திணறாமல் ஓட்டும். அது பொருத்தப்பட்டே வரும் 17 செ.மீ. சதுர மினி ஐடிஎக்ஸ் போர்டுகளில் சில, மின்விசிறியே இல்லாமல், சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட் சிங்க்கோடு மட்டும் வருகின்றன. இரவில் மெல்லிய குரலில் வசனம் பேசும் காட்சியில், எட்டடி தூரத்தில் ஒரு விசிறி ‘ங்ங்’ என்று இரைந்துகொண்டிருந்தால் எப்படியிருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். விசிறி வேண்டியே இருந்தால், வேகமாகச் சுழலும் 4 செ.மீ. விசிறியைவிட நிதானமாகச் சுழலும் 12 செ.மீ. விசிறி அதே காற்றைச் சத்தமின்றித் தள்ளும்.

வன்பொருள் சரியாக அமைந்தபின் இன்னொரு சிக்கல் வந்தது. கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் படம் விட்டுவிட்டு நகர்ந்தது. கணினி மெதுவாக இருப்பதால்தான் இப்படி என்று ஒரு நண்பர் கூடுதல் ரேம் வாங்கச் சொன்னார். நல்ல வேளையாக வாங்கவில்லை. திரைப்படம் வினாடிக்கு 24 சட்டகங்களில் (ஃபிரேம்களில்) பதிவாகிறது. கணினியோ 60 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 60 முறை, படத்தை அனுப்புவதால், ஒரு சட்டகம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் மாறிமாறிக் காட்டப்படுகிறது. ‘கோடி’ (Kodi) என்ற, படம் ஓட்டும் இலவச மென்பொருளில், படத்திற்கு ஏற்பத் திரையின் ஹெர்ட்ஸை மாற்றும் வசதியை நாமே போய் இயக்க வேண்டும். அதை இயக்கியதும் திரைப்படங்களும், 25 சட்டகக் கணக்கில் பதிவான எங்கள் வீட்டுக் கல்யாண டிவிடியும் ஒழுங்காக ஓடின.

ஓடிடி தளங்களை மட்டுமே பார்ப்பவர்களுக்கு இந்தக் கணினி தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகல் தடுப்புக் கட்டுப்பாடுகளால் கணினியின் பிரவுசரில் பல நேரங்களில் 4கே தரம் கிடைப்பதில்லை. டிவியில் செருகும் சிறு ஸ்டிக்கே அந்த வேலையை நன்றாகச் செய்துவிடும். சொந்தமாக வட்டுகளும் பழைய குடும்ப வீடியோக்களும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குத்தான் இது பயன்படும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலைப்பட்டியலில் கூலருக்கு எதிரே அதன் உயரத்தையும், கேபினெட்டுக்கு எதிரே அது ஏற்கும் கூலரின் உயரத்தையும் மில்லிமீட்டரில் அச்சிட்டுத் தாருங்கள். தயாரிப்பாளர்கள் இவ்விரண்டையும் பெரும்பாலும் வெளியிடத்தான் செய்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி.