மாப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டாம்

அம்பத்தூர்,
12.8.2023

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. "போன் பண்ணியிருக்கலாமே அண்ணன்" என்று சரோஜா கேட்டாள். போன் என்றால் நீ அழுவாய், நான் திட்டுவேன், விஷயம் நகராது. எழுதினதே நல்லது. இங்கே எல்லோரும் சுகம். பெரியவனுக்கு ஓசூருக்கு மாற்றல். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

மாப்பிள்ளைக்கு முதுகெலும்பில் டிபி என்று படித்ததும் பக்கென்றது. ஆனால் டாக்டரே பயப்பட வேண்டாம், மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் போதும் என்று சொல்லியிருக்கிறாரே. எனக்குக் கவலை உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில்தான். "ஆறு மாசம் ஆகப்போகுது, ரிசைன் பண்ணிடுங்க, உடம்பு சரியானதும் திரும்ப எடுத்துக்கறோம்" என்று எச்.ஆர். சொன்னார் என்கிறாயே, அந்த இடம். மாப்பிள்ளை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். வெள்ளைத் தாளில் போடவே வேண்டாம். தானாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவனை எந்தச் சட்டமும் காப்பாற்றாது.

அவருக்கு ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், மாசச் சம்பளம் அதன் வரம்பான 21,000-க்குள் என்று எழுதியிருந்தாய். அதுதான் இப்போது பெரிய பலம். 1948-ஆம் வருஷத்து ஈஎஸ்ஐ சட்டத்தில் 73-ஆவது பிரிவைப் பார். நோய்க்காகப் பணப்பலன் வாங்கும் காலத்திலோ, டாக்டர் சான்றிதழோடு வைத்தியத்தில் இருக்கும்போதோ ஒரு தொழிலாளியை வேலையை விட்டு நீக்கக் கூடாது, தண்டிக்கவும் கூடாது. அந்தக் காலத்தில் நீக்கி நோட்டீஸ் கொடுத்தால் அது செல்லாது.

ஆறு மாசக் கணக்கு அந்த எச்.ஆர். சும்மா சொன்னதல்ல, ஈஎஸ்ஐ ஒழுங்குவிதி 98-இல் இருக்கிறது. சாதாரண நோயென்றால் தொடர்ந்து ஆறு மாசம் போன பிறகு, வேலை நிபந்தனையில் இடமிருந்தால், முறைப்படி நோட்டீஸ் கொடுத்து நீக்கலாம். ஆனால் டிபிக்கு அந்தக் கணக்கு 18 மாசம். பாதியை மட்டும் படித்துக் காட்டியிருக்கிறார்கள். ஏப்ரலில் படுத்தவருக்கு ஆகஸ்டில் என்ன அவசரம்?

பணம் என்ன ஆகும் என்று கேட்டாய். முதல் 91 நாளுக்குச் சராசரிக் கூலியில் 70 சதவீதம். அதற்குப் பிறகு, டிபி மாதிரி நீண்டகால நோய்களுக்கு, இரண்டு வருஷ சர்வீஸும் கட்டிய சந்தாவும் சரியாக இருந்தால் 80 சதவீதம், இரண்டு வருஷம் வரைகூட நீட்டிக்கிறார்கள். மாப்பிள்ளை அங்கே ஐந்து வருஷமாக இருக்கிறாரே, தட்ட மாட்டார்கள். அலைச்சல் உண்டு. அதற்கு உன் மகள் தயாராக வேண்டும்.

தொழிலாளிகளின் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸில் உட்கார்ந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். நோயாளியை யாரும் "நோயாளி" என்று சொல்லி வெளியே அனுப்ப மாட்டார்கள். மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், அவன் பெயருக்கு நேரே வரிசையாகச் சிவப்பு மையில் ஆப்சென்ட் விழும். எட்டு நாள், பத்து நாள் தாண்டியதும் ஊர் விலாசத்துக்கு ஒரு பதிவுத் தபால் போகும். ஆள் இங்கே ஆஸ்பத்திரியில் கிடப்பான், தபால் அங்கே பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். அப்புறம் ஃபைலில் ஒரே வரி: தானாக வேலையை விட்டு நின்றுவிட்டார். நோய் என்ற சொல்லே அந்த ஃபைலில் இருக்காது.

இது கோர்ட்டிலும் ஜெயித்த தந்திரம். உன் பெரியப்பா வேலை பார்த்த பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லில் நடந்ததுதான். லீவு முடிந்தும் வராத ஒரு தொழிலாளி, பிறகு ஈஎஸ்ஐ டாக்டர் சான்றிதழோடு வந்தார். எட்டு நாள் சொல்லாமல் வராவிட்டால் தானாக விலகியதாக அர்த்தம் என்றது மில்லின் வேலை விதிகளான நிலையாணை. அது தண்டனை இல்லை, ஆகவே 73-ஆவது பிரிவு உதவாது என்று அறுபதுகளில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அநியாயமான தீர்ப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். 1993-இல் டி.கே. யாதவ் வழக்கில்தான், நிலையாணையில் அப்படி எழுதியிருந்தாலும் விசாரிக்காமல், தொழிலாளியின் பக்கத்தைக் கேட்காமல் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கூடாது என்று அதே கோர்ட் சொன்னது. அதுவும் வழக்குப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பவனுக்குத்தான்.

அதனால் வழக்கு வரை போகாமல் இருக்கிற வழியைப் பார். தனியார் ஆஸ்பத்திரிச் சீட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள், ஈஎஸ்ஐ டாக்டரின் சான்றிதழ் ஒவ்வொரு தவணையும் இடைவெளி விழாமல் இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் நகலும் லீவு கடிதத்தோடு கம்பெனிக்குப் பதிவுத் தபாலில், அக்னாலெட்ஜ்மென்ட் அட்டை வைத்துப் போக வேண்டும். இப்போது எந்த வீட்டில் இருக்கிறார்களோ அந்த விலாசத்தைக் கடிதத்தில் தெளிவாக எழுதச் சொல். சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டோம் என்றாயே, அந்தச் சூப்பர்வைசர் நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போய்விட்டால்?

என் தங்கை மகனை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயம். ஐடியில் கை நிறையச் சம்பளம், ஈஎஸ்ஐ வரம்பைத் தாண்டியவன். படுத்தால் அவனுக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் உள்ளதுதான் வேதம். நம்ம ராஜு கதை வேறு. பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவனுக்குக் கண் போனதும் அதே சம்பளத்தில் டிப்போவில் மாற்று வேலை கொடுத்தார்கள். வேலையில் இருக்கும்போது ஊனமானவரை நீக்கக் கூடாது என்கிற அந்தச் சட்டம் அரசு நிறுவனங்களோடு நின்றுவிட்டது. தனியாரில் இருப்பவனுக்கு மட்டும் கண் போகாதா?

வருகிற ஞாயிறு நான் ஒரகடம் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், இதுவரை வாங்கிய சான்றிதழ்கள், கடைசி ஆறு மாசச் சம்பளச் சீட்டு, எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொல். கம்பெனிக்கு எழுத வேண்டிய கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம். மகளிடம் சொல், எனக்குச் சர்க்கரை இல்லாத காபி.

அன்புடன்,
சண்முகம்