ஓ. சல்லிவன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பேரன் பிறந்தநாளுக்கு நேற்று நம் ஊர்க் கோயிலில் அன்னதானத்துக்குப் பணம் கட்டினேன். அவன் பெயர், மாப்பிள்ளையின் குடும்பப் பெயரான ஓ'சல்லிவன் என்று முடியும் என்றேன். "ஓ இனிஷியலா சார்?" என்ற ரசீதுக்காரர், பதிலுக்குக் காத்திராமல் 'ஓ. சல்லிவன்' என்று ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டார். வீடு வரும்வரை உன் அம்மா சிரித்தாள்.

ஆனால் அவர் எழுதியது பெரிய தப்பில்லை. அயர்லாந்து மொழியான ஐரிஷில் 'ஓ' என்றால் பேரன், வழிவந்தவன். சூலவான் என்ற பாட்டனின் வம்சம், ஓ சூலவான். ஆங்கிலேயர் வாயில் அது சல்லிவன் ஆனது. நம் 'பேரன்' என்ற சொல்லும் 'பெயரன்'தானே! 'சூல்' என்றால் கண்ணாம். மீதிப் பாதிக்குக் கரிய என்கிறார்கள் சிலர், ஒற்றை என்கிறார்கள் சிலர். நான் கருங்கண் கட்சி. பேரனுக்கு உன் கண்.

மாப்பிள்ளை தன் பூர்வீகம் அயர்லாந்தில் கார்க் பக்கத்து பேரா என்பார். அதற்கும் முன்னால் அவர்கள் டிப்பரேரிக்காரர்கள். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் நார்மன்கள் படையெடுத்து வந்த பிறகுதான் தென்மேற்கே ஒதுங்கினார்கள். அங்கும் நிம்மதி இல்லை. 1602 ஜூனில் அவர்களுடைய டன்பாய் கோட்டை ஆங்கிலேயரிடம் விழுந்தது. டிசம்பர் 31 அன்று, கொட்டும் குளிரில், டோனல் காம் என்ற ஓ'சல்லிவன் தலைவர் சுமார் 1000 பேரோடு வடக்கே லைட்ரிமுக்கு நடந்தார். வழியெல்லாம் தாக்குதல். ஷானன் ஆற்றைக் கடக்கப் படகில்லாமல், தங்கள் குதிரைகளையே கொன்று, தோலில் படகு கட்டினார்கள். இரண்டு வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்தவர்கள் 35 பேர். அதில் ஒரே ஒரு பெண். அவள் யாரோ, அவளை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை.

ஆங்கிலேய ஆட்சியில் பலர் 'ஓ'வை விட்டுவிட்டார்கள். பேராவின் அலிஹீஸ் தாமிரச் சுரங்கத்தில் வேலை செய்த குடும்பங்கள் பிறகு அமெரிக்காவில் மொன்டானாவின் பியூட் சுரங்கங்களுக்குப் போனபோது, வெறும் சல்லிவன்களாகவே போனவர்கள் நிறைய. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரிஷ் மொழிப்பற்று எழுந்தபோது, ஊரில் இருந்தவர்கள் பலர் 'ஓ'வைத் திரும்ப ஒட்டிக்கொண்டார்கள்.

அதனால் ஒன்று சொல்கிறேன், கண்ணு. நடுவில் வரும் அந்தச் சின்னக் குறியைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை என்றால் சேர்த்து எழுது. 'ஓ'வை மட்டும் விட்டுவிடாதே.

அப்புறம், அடுத்தது பெண் பிறந்தால், ஐரிஷில் எழுதும்போது 'ஓ' வராதாம், 'நீ' வருமாம். ரசீதுக்காரர் "இனிஷியல்?" என்று கேட்க, நான் "நீ" என்று சொல்ல... சரி, அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

விபூதி, குங்குமத்தோடு ரசீதையும் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா