வீலின் பின்பக்கத்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் 1967 போர்ஷே 911 எஸ் படத்தைப் பார்த்தேன். ஸ்டுட்கார்ட்டில் பழைய கார் பட்டறையில் வேலை செய்கிறேன். அதனால் என் கண் நேராக வீலுக்குத்தான் போனது. அந்த மாடலுக்கு ஃபுக்ஸ் நிறுவனம் செய்துகொடுத்த ஐந்து இதழ் வீலின் அகலம் நாலரை அங்குலம்தான். படத்தில் இருப்பது அதைவிட அகலம். பின்னாளில் மாட்டியதாக இருக்கும்.

இப்படிப்பட்ட பழைய காருக்கு விலை பேசுமுன் வீலைக் கழற்றிப் பின்பக்க அழுக்கைத் துடைத்துப் பாருங்கள். உதிரிபாக எண், அளவு, செய்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அந்தத் தேதி கார் வெளிவந்ததற்குக் கொஞ்சம் முந்தியதாக இருக்க வேண்டும். பிந்தியிருந்தால் அது அந்தக் காரோடு வந்த வீல் அல்ல. அப்புறம், தயவுசெய்து கண்ணாடி மாதிரி மினுக்காதீர்கள். அலுமினியத்தின் மேல் மின்முறையில் ஏற்றிய அசல் அனோடைஸ் பூச்சு அதிலேயே போய்விடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஸ்டுட்கார்ட்