கரோப் மரத்தடியில் பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்துங்கள்

புனித நாட்டுப் பயணத்துக்கு ஆட்களை அழைத்துப் போகும் போதகர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் ஸ்தோத்திரம்.

சில வருடங்களுக்கு முன் நானும் அப்படி ஒரு குழுவில் எருசலேம் போனேன். கெத்செமனேயில் பத்து நிமிடம். “இயேசு பார்த்த மரங்கள்” என்றார் வழிகாட்டி. எல்லாரும் செல்ஃபி எடுத்தோம். ஊருக்கு வந்து படித்தால், அங்கே மூன்று ஒலிவ மரங்களின் அடிமரம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று 2012இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஏறக்குறைய 900 வயது போதாதா, கூட்டிச் சொல்ல வேண்டுமா?

சரி, அது போகட்டும். அந்த மண்ணின் யூதர்கள் மரத்தை வைத்து என்னென்ன பேசிக்கொண்டார்கள் என்று ஒருவர்கூட எங்களுக்குச் சொல்லவில்லை. என் குறை அதுதான்.

நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காப்பாற்றிய பிற இனத்தாரின் நினைவாக, எருசலேமில் உள்ள யாத் வஷேம் என்ற நினைவிடத்தில் 1962 முதல் மரம் நட்டிருக்கிறார்கள். அங்கே நிறைய கரோப் மரங்கள். அடியில் காய்ந்த காய்கள் கிடந்தன. புளியங்காய் மாதிரிதான், ஆனால் தட்டை, நல்ல கறுப்பு. கடித்தால் பேரீச்சம்பழத் தித்திப்பு, உள்ளே கல் போன்ற விதை. இயேசு சொன்ன உவமையில் கெட்ட குமாரன் பன்றிகளோடு தின்ன ஆசைப்பட்டது இதைத்தான். நம் வேதாகமத்தில் ‘தவிடு’ என்று போட்டுவிட்டார்கள்.

யூத ரபிகளின் போதனைகளும் கதைகளும் அடங்கிய தல்மூதில் ஹோனி என்பவரின் கதை இருக்கிறது. கரோப் நடும் ஒருவரிடம், எத்தனை வருடத்தில் காய்க்கும் என்று கேட்கிறார். எழுபது. அதுவரை நீ இருப்பாயா? “நான் பிறந்தபோது இங்கே கரோப் மரங்கள் இருந்தன. முன்னோர் எனக்கு நட்டார்கள், நான் பிள்ளைகளுக்கு நடுகிறேன்.” அப்புறம் ஹோனி எழுபது வருடம் தூங்கிவிடுகிறார். விழித்தால், நட்டவரின் பேரன் காய் பறித்துக்கொண்டிருக்கிறான். பொதுவாக இதோடு நிறுத்திவிடுவார்கள். மிச்சம்தான் என்னை உலுக்கியது: ஹோனி வீட்டுக்குப் போகிறார், நான்தான் ஹோனி என்கிறார், யாரும் நம்பவில்லை. துக்கத்தில் இறந்துபோகிறார். மரம் நட்டவர் போய்ச் சேர்ந்தும் பேரனுக்கு ஊட்டுகிறார். உயிரோடு எழுந்து வந்தவருக்கோ ஒருவரும் இல்லை.

இன்னொன்று, எருசலேம் ஆலயம் இடிந்த காலத்து ரபி யோகனான் பென் சக்காய் சொன்னது: கையில் மரக்கன்று இருக்கும்போது மேசியா வந்துவிட்டார் என்றால், முதலில் கன்றை நடு, அப்புறம் போய் அவரை வரவேற்றுக்கொள். வருகையைப் பற்றி வாராவாரம் பிரசங்கம் கேட்கும் நமக்கு இது எப்படி இருக்கும்!

பெத்லகேமில் ஒலிவ மரச் சிலுவைக் கடையில் எங்களை ஒன்றரை மணி நேரம் நிறுத்தினார்கள். அடுத்த குழுவுக்காவது அதில் அரை மணி நேரத்தைக் கரோப் மரத்தடிக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பஸ்ஸின் கடைசி சீட்டில் இருந்தவள்