செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் நங்கநல்லூர் குடியிருப்போர் சங்கத்தின் செயற்குழு ஆறு முறை கூடியது. சுதந்திர தினக் கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம், பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தன.

இனி மழைநீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையை வாசலில் தேக்கிவைத்திருந்த நாம்தான், அடுத்த மே மாதம் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தோம். நூறு சதுர மீட்டர் மாடியில் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,40,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் பதினோரு லோடுக்கும் மேல். சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. மாடியிலிருந்து மழைநீரை இறக்கும் குழாய் இல்லாத வீடு நங்கநல்லூரில் அரிது. அது எங்கே போய் விழுகிறது என்று ஆகஸ்டில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். 84 வீடுகளில் 31-ல்தான் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது. 44 வீடுகளில் தண்ணீர் இறங்க வேண்டிய தொட்டி தூர்ந்திருக்கிறது, அல்லது மேலே டைல்ஸ். ஒன்பது வீட்டில் பாதாளச் சாக்கடையிலேயே இணைத்திருக்கிறார்கள். அடைமழையில் மேன்ஹோல் பொங்குகிறது என்று என்னிடம் புகார் சொன்னவர்களும் இந்த ஒன்பதில் உண்டு.

அந்தச் சாக்கடை எப்படி வந்தது என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேருவதற்கு முன், ஆலந்தூர் நகராட்சியாக இருந்தபோது, வீட்டுக்கு 5,000 ரூபாய் நாமே கட்டினோம். தெருத்தெருவாக அலைந்து மக்களைக் கட்டவைத்தவை குடியிருப்போர் சங்கங்கள். அதே ஊரில் இன்று மாதம் நூறு ரூபாய் சந்தாவை 47 வீடுகள் கட்டவில்லை. தூர்வார அழைத்த இரண்டு ஞாயிறுகளிலும் வந்தவர்கள் ஏழு பேர்.

அந்த ஏழு பேரோடுதான் முனைக் கிணற்றைத் தூர்வாரினோம். நான்கு மாடிகளின் தண்ணீரை ஜல்லி, மணல் வடிகட்டி வழியாக அதில் விட்டோம். மாசியில் எட்டிப் பார்த்தேன். முந்தைய ஆண்டு வறண்டு கிடந்த இடத்தில் தண்ணீர் நின்றது. இதற்கு ஏன் சங்கப் பணம் என்று கேட்டவர்கள் வந்து பார்க்கலாம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கிணற்றுச் செலவு மதிப்பீட்டைத் தாண்டியதால் வைப்பு நிதியிலிருந்து ஓரளவு எடுத்தோம், ரசீதுகள் உள்ளன.

தலைவர், பொருளாளர், துப்புரவுப் பணியாளர்கள், கூட்டத்துக்கு மாடி தந்த உறுப்பினர் அனைவருக்கும் நன்றி.

என் பதவிக்காலம் இன்றோடு முடிகிறது. யார் பொறுப்பேற்றாலும் வீட்டுக் கணக்கெடுப்பு நோட்டைத் தருகிறேன். ஏற்க யாருமில்லை என்றால் இன்னொரு ஆண்டு நானே பார்க்கவும் தயார், ஏழு பேரோடு மட்டும் முடியாது. ஐப்பசிக்குள் சரிசெய்ய வேண்டிய 53 வீடுகளின் பட்டியல் வாசல் மேசையில் இருக்கிறது. தங்கள் கதவு எண்ணுக்கு நேரே ஒரு தேதி எழுதிவிட்டுச் செல்லுங்கள். சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

செயலாளர்